ஓர் அங்குல விமானி

காலையில் விமானியின் தலை உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மிளகைவிடச் சிறியது.

72-இல் ஒரு பங்கு அளவில் நாட் (Gnat) என்ற போர் விமானத்தின் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். இந்தக் கணக்கில் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம்.

நேரே வெறித்துக்கொண்டிருந்தவரைச் சற்றுத் திருப்பி வைக்கலாமே என்று கழுத்தை வெட்டியது என் தவறுதான்.

டார்ச் அடித்துத் தேடி எடுத்தேன். ஒட்ட வெள்ளைப் பசை. சூப்பர் பசையின் ஆவி விமானியறைக் கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும்; ஏற்கெனவே ஒன்றைப் பாழாக்கியிருக்கிறேன்.

நிஜ நாட் விமானமும் பொடியன்தான். இறக்கை 7 மீட்டரைத் தொடாது. 1965 பாகிஸ்தான் போரில் இந்திய விமானிகள் அந்த இடுக்குக்குள் உட்கார்ந்து, எதிரியின் சேபர் போர் விமானம் எங்கே என்று கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடியிருப்பார்கள்.

இவர் இப்போது இடப்பக்கம் பார்க்கிறார்.

பசை காயும்வரை மின்விசிறி போடவில்லை.