டிஸ்க்வேர்ல்டை முடித்தாச்சு, அடுத்து யார்? இதுவரை தேடியதில் தேறியவர்கள்

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் சிரிக்க வைக்கும் ஃபேன்டசி வரிசையான டிஸ்க்வேர்ல்டில் நாவல்கள் மொத்தம் 41. முதலாவது 1983-ல் வந்தது, கடைசியானது அவர் இறந்த 2015-ல். அந்தக் கடைசிப் புத்தகத்தையும் முடித்துவிட்டேன். இனிமேல் புதிதாக ஒன்றும் வராது. அவர் எழுதி முடிக்காத கதைகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை, அவருடைய விருப்பப்படியே, 2017-ல் நீராவி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிவிட்டார்கள். அதனால் வேறு ஆட்களைத் தேடித்தான் ஆக வேண்டும். சிரிக்க வைக்கும் ஃபேன்டசி எழுதுகிறவர்களில் ஒவ்வொருவரிடமும் ஒரு புத்தகம், பிடித்தால் அடுத்தது என்று ஆரம்பித்தேன். இதே தேடலில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் எடுத்தது ராபர்ட் ஆஸ்ப்ரின், 1978-ல் தொடங்கிய மித் வரிசை. மந்திரம் அரைகுறையாகத் தெரிந்த பையன் ஸ்கீவ், சக்தியை இழந்துவிட்ட குரு ஆஸ், பக்கத்துக்குப் பக்கம் சிலேடை. ரயில் பயணத்துக்குச் சரி. ஆனால் மூடி வைத்ததும் மனதில் ஒன்றும் தங்கவில்லை.

பிராட்செட்டிடம் எனக்கு என்னதான் பிடித்தது என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். 1993-ல் வந்த ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் இரவுக் காவல் படையின் கேப்டன் சாம் வைம்ஸ் பூட்ஸைப் பற்றி நினைக்கிற ஒரு இடம் வரும். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர், வருஷக்கணக்கில் உழைக்கும். அவர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாவது 10 டாலர் பூட்ஸ்தான், ஒன்றிரண்டு பருவம் தாண்டினால் உள்ளே இருக்கிற அட்டை ஊறி தண்ணீர் ஏறிவிடும். ஆக, காசுள்ளவர் 50 டாலரில் பத்து வருஷம் கால் நனையாமல் நடக்கிறார், இல்லாதவர் அதே காலத்தில் 100 டாலர் கொடுத்தும் ஈரக் காலோடு நிற்கிறார். தவணையிலும் வட்டியிலும் வாழ்ந்து பார்த்த யாருக்கும் இது சுருக்கென்று தைக்கும். அந்த இடத்தில் நான் சிரித்தேனா கோபப்பட்டேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் தேட வேண்டியது அந்தக் கோபம் உள்ள எழுத்தாளரைத்தான் என்று முடிவு செய்தேன். அதிலிருந்து சாம்பிள் அத்தியாயம் படிக்கும்போது ஒன்றைத்தான் பார்க்கிறேன்: இந்த உலகத்தில் சமைக்கிறது யார், தெருவைப் பெருக்குகிறது யார், அவர்களுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள், இதெல்லாம் எழுதினவருக்குத் தெரியுமா?

இந்தக் கண்ணோடு பார்த்ததில் டயானா வின் ஜோன்ஸ் உடனே தேறினார். ‘டார்க் லார்ட் ஆஃப் டெர்க்ஹோம்’, 1998. ஒரு மாய உலகத்தையே சுற்றுலா நிறுவனம் குத்தகைக்கு எடுத்த மாதிரி வைத்திருக்கிறது. வேறு உலகத்திலிருந்து பணம் கட்டி வருகிற பயணிகளுக்காக உள்ளூர்க்காரர்கள் வருஷா வருஷம் தீயசக்திக்கு எதிரான போரை நடித்துக் காட்ட வேண்டும், ஒப்பந்தப்படி வயல்கள் மிதிபட வேண்டும், ஊர்கள் எரிய வேண்டும். இந்த வருஷம் இருள் அரசனாக வேஷம் கட்டுகிறவர் டெர்க், விலங்குகளை வளர்ப்பதில் மட்டுமே ஆசை உள்ள மந்திரவாதி. அவருடைய பிள்ளைகளில் சிலர் மனிதர்கள், சிலர் கழுகு முகமும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின்கள். வீடே சேர்ந்து அந்த வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிறது. பயணிகள் கண்டெடுக்க வேண்டிய பொருட்களை காலெட் என்ற கிரிஃபின் மகள் தன் கையால் செய்து குவிக்கிறாள். இவரை இத்தனை நாள் ‘குழந்தைகள் எழுத்தாளர்’ அலமாரியில் தனியாக வைத்திருப்பது அநியாயம்.

ஜாஸ்பர் ஃபோர்ட் வேறு ரகம். 2001-ல் வந்த ‘தி அயர் அஃபேர்’ நாவலில் இலக்கியக் குற்றங்களுக்கென்றே தனிப் போலீஸ் இருக்கிறது, அழிந்துபோன டோடோ பறவையைக் குளோனிங்கில் உருவாக்கி வீட்டில் வளர்க்கிறார்கள், ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தில் பார்வையாளர்களே கத்திக் கத்திப் பங்கெடுக்கிறார்கள். அந்த நாடகக் காட்சிக்காகவே படிக்கலாம். புத்திசாலித்தனத்துக்குக் குறையே இல்லை, ஆனால் மனிதர்கள் மேல் எனக்கு ஒட்டுதல் வரவில்லை. ஜொனாதன் ஸ்ட்ரவுடின் பார்ட்டிமியஸ் வரிசை, அடிக்குறிப்புகளை ரசிக்கிறவர்களுக்கு: தன் கதையைத் தானே சொல்கிற ஜின் பூதம் பக்கத்தின் அடியில் எஜமானனைத் திட்டிக்கொண்டே இருக்கும். அடிமையின் வாய்த்துடுக்கு அது, அதனால்தான் வலிக்கிறது.

இதுவரை படித்ததில் என்னை முழுசாகச் சாய்த்தது பிரான்சிஸ் ஹார்டிங். ‘ஃப்ளை பை நைட்’, 2005. புத்தகம் என்றாலே பயப்படுகிற நாடு, அச்சுத் தொழில் சங்கத்தின் முத்திரை இல்லாத அச்சுத்தாளை வைத்திருப்பதே ஆபத்து, அங்கே மோஸ்கா என்ற படிக்கத் தெரிந்த பெண், யாருக்கும் அடங்காத ஒரு வாத்தோடு ஊரை விட்டு ஓடுகிறாள். அந்த ஊர்களில் நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு குட்டிச் சாமி உண்டு. மோஸ்கா பிறந்த பொழுதின் சாமிக்கு ஜாமிலும் வெண்ணெய்த் தாழியிலும் ஈ விழாமல் பார்த்துக்கொள்கிற வேலை. நாம் நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைப்பது மாதிரி அங்கே அந்தச் சாமியை வைத்துத்தான் பெயர், அதனால் ஈ-தான் அவள் பெயராகவும் அமைந்துவிட்டது (மோஸ்கா என்றால் இத்தாலிய மொழியில் ஈ). ஈ ஓட்டுகிற சாமியைக் கற்பனை செய்கிற மனசு எனக்கு மிகவும் வேண்டியது. அதே கதை கொஞ்சம் கொஞ்சமாக யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்கிற சண்டைக்குள் போகிறது, அங்கே சிரிப்பு நிற்காமலே தொண்டை அடைக்கிறது. அடுத்த பாகம் ‘ட்விலைட் ராபரி’ வாங்கிவிட்டேன்.

இப்போது கையில் இருப்பது கே. ஜே. பார்க்கர், 2019-ல் வந்த ‘சிக்ஸ்டீன் வேஸ் டு டிஃபெண்ட் எ வால்டு சிட்டி’. மந்திரமே கிடையாது. பாலம் கட்டுகிற ராணுவ எஞ்சினியர் ஓர்ஹான், தன் நிறத்துக்காகத் தன்னை இழிவாக நடத்துகிற நகரத்தையே பொய், கள்ளக் கையெழுத்து, கயிறு, மரக்கட்டை என்று கிடைத்ததை வைத்துக் காப்பாற்ற முயல்கிறார். பாதி வந்திருக்கிறேன். வைம்ஸுக்கு இவர் சிநேகிதராக முடியாது, ஆனால் ஒரே மேசையில் உட்காரலாம். பார்க்கர் என்பது டாம் ஹோல்ட்டின் புனைபெயர் என்று 2015-ல்தான் வெளியே தெரிந்தது. அந்த டாம் ஹோல்ட் 1987-ல் சொந்தப் பெயரில் எழுதிய ‘எக்ஸ்பெக்டிங் சம்ஒன் டாலர்’ (Expecting Someone Taller) அடுத்த வரிசையில் இருக்கிறது: ஒருவன் தெரியாமல் பேட்ஜர் என்கிற காட்டு விலங்கு ஒன்றின் மேல் காரை ஏற்றிவிடுகிறான், அது உண்மையில் ஒரு அரக்கன், அவன் வைத்திருந்த உலகை ஆளும் மோதிரம் இவன் கைக்கு வந்துவிடுகிறது. பார்க்கரை முடித்ததும் அதுதான்.