பின்லேபிளுக்கு அடியில் ஒரு டேக்

கிளாஸ்கோ பக்கம் ஒரு விஸ்கி ஆலையில், பாட்டிலில் அடைக்கும் பிரிவில் லேபிள் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை ஸ்காட்லாந்துக்குள்ளேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பது 2012 நவம்பரிலிருந்து சட்டம். அதனால் எந்த ஊர்க் கடைக்குப் போகிற பாட்டிலும் இங்கேதான் மூடி போட்டு, லேபிள் ஒட்டிக் கிளம்புகிறது. கடைக்காரர்கள் திருட்டுத் தடுப்பு டேக் கேட்டால், அதையும் இங்கேயே ஒட்டிவிடுவது சுலபம்.

இல்லாவிட்டால் அந்தப் பாடு கடை ஊழியர் தலையில்தான் விழும். ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் பிளாஸ்டிக் பூட்டை மாட்டி, பில் போடும்போது கழற்ற வேண்டும். சில கடைகள் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகின்றன. வாங்க வந்தவர் சாவி வைத்திருப்பவரைத் தேடிக்கொண்டு நிற்பார்.

டேக்கில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. ஏ.எம். (அகூஸ்டோ-மேக்னெட்டிக், அதாவது காந்த அதிர்வு) வகை, சுண்டுவிரலைவிடச் சின்னதான ஒரு பிளாஸ்டிக் கூடு. உள்ளே மெல்லிய உலோகப் பட்டைகள். கடை வாசலில் நிற்கும் கம்பம் 58 கிலோஹெர்ட்ஸில் அலை அனுப்பினால் பட்டை அதிர்ந்து பதில் கொடுக்கும், அலாரம் அடிக்கும். பில் கவுண்டரில் டேக்கை அணைப்பதற்கென்றே இருக்கும் தட்டு, அதாவது பேட், கூட்டுக்குள் இருக்கும் காந்தப் பட்டையின் காந்தத்தை எடுத்துவிட்டால் அதோடு பேச்சு நின்றுவிடும். ஆர்.எஃப். (ரேடியோ அலை) வகை காகிதம் போல் தட்டையானது. அலுமினியச் சுருளால் ஆன சின்ன மின்சுற்று, பெரும்பாலும் 8.2 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது.

லேபிளுக்கு அடியில் மறைக்க ஆர்.எஃப். தான் வசதி, ஆனால் பாட்டிலுக்குள் இருக்கும் திரவமும் லேபிளில் மினுங்கும் உலோகப் பூச்சும் அதன் அலைவரிசையைக் குழப்பிவிடும். ஏ.எம். அந்த விஷயத்தில் கெட்டிக்காரன். அதன் குறை தடிமன்தான். உருண்டை பாட்டிலில் குறுக்கே ஒட்டினால் கூடு வளைந்து, பட்டை சரியாக அதிராது. செங்குத்தாகத்தான் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினாலும் அதன் மேல் வரும் பின்லேபிள் கூட்டின் ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொள்ளும். விரலால் தடவினால் அந்த மேடு தெரியும். கண்ணாடி வேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம், பசையே பிடிக்காது.

அப்புறம், கடைக்குக் கடை வாசல் கம்பம் வேறு. ஒரே விஸ்கி, ஒரு ஆர்டருக்கு ஏ.எம்., அடுத்த ஆர்டருக்கு ஆர்.எஃப். டேக் சுருளை மாற்றாமல் ஓட்டினால் ஒரு லோடு முழுக்க வாசலில் ஊமையாகத்தான் போகும். லேபிள் இயந்திரத்தைத் தாண்டியதும் ஒரு உணரி இருக்கிறது. பதில் கொடுக்காத பாட்டிலைக் கன்வேயரிலிருந்து பக்கவாட்டில் தள்ளிவிடும்.

திருடனைப் பிடிக்கிறதா என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, காசு கொடுத்து வாங்கியவரைப் பற்றியது. பேட் மேல் பாட்டிலைத் தேய்க்கும்போது டேக் அதில் படாமல் தப்பினால், அந்த மனிதர் பையோடு வாசலைத் தாண்டுகையில் அலாரம் கூவும். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு தப்பும் செய்யாத ஆளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! டேக் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருந்தால் பில் போடுகிற பெண்ணின் கைக்கு அது பழகிவிடும். யோசிக்காமலே அந்தப் பக்கத்தைப் பேட்டில் வைப்பார். அதனால் டேக் எவ்வளவு நன்றாக ஒளிந்திருக்கிறது என்பதைவிட, இடம் மாறாமல் இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வேன். உற்பத்தி குறைகிறதே என்று மேலே முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

பிரிட்டனில் விற்கும் விஸ்கி போன்ற கடும் மதுபான பாட்டில்களில் 2006 முதல் வரி முத்திரை இருந்தது. பலர் அதைப் பின்லேபிளிலேயே அச்சிட்டுக்கொண்டார்கள். 2025 மே 1 முதல் அந்த முறை இல்லை. இடம் காலியானதும் வடிவமைப்பாளர்கள் பின்லேபிளைப் புதிதாக வரைய ஆரம்பித்தார்கள். எழுத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்துங்கள், டேக் மட்டும் பாட்டில் அடியிலிருந்து பழைய உயரத்திலேயே இருக்கட்டும் என்று கேட்டேன். வரைபடத்தில் அந்த இடத்தைக் கோடு போட்டு ஒதுக்கித் தந்திருக்கிறார்கள்.