ஆஃப் நாளில் என்ன செய்தாய்?

வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதம் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும் என்று சீனியர் அக்காக்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் எனக்கு வந்த மனச்சோர்வையும் அந்தப் பயம்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2023 ஆகஸ்டில், பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு, கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆண்கள் மெடிக்கல் வார்டில் சேர்ந்தேன். ஊர் தேனிப் பக்கம். இரண்டு வருட பாண்டு, ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்கள் கையில், ஹாஸ்டல் பிடித்தம் போகக் கைக்கு 13,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்கும் குறைவான சின்ன மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்திருந்தது. அது எனக்குத் தெரியும், என்னோடு சேர்ந்த எல்லாருக்கும் தெரியும், கேட்கத்தான் யாருமில்லை.

புது வேலைப் பயம் எப்படி இருக்கும் என்றால், டூட்டிக்குக் கிளம்பும்போது ஏறும், நரம்பில் போடும் கான்யுலா ஊசி ஒரே குத்தில் ஏறிவிட்டால் இறங்கும், ஆஃப் அன்றைக்குக் காணாமலே போகும். என்னோடு சேர்ந்த பெண்கள் ஆஃப் கிடைத்தால் காந்திபுரம் போனார்கள், மருதமலைக்குப் போனார்கள், ஒன்றுமில்லை என்றால் மதியம் வரை தூங்கிவிட்டு எழுந்து சண்டை போட்டுக்கொண்டு மேகி செய்தார்கள். நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். தூங்கவும் மாட்டேன். பக்கெட்டில் ஊறவைத்த யூனிஃபார்ம் இரண்டு நாள் அப்படியே கிடந்து நாறும், அதை அலசிப் போட எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாலே அழுகை வரும். ஒரு பக்கெட் துணிக்கு ஏன் அழுகிறோம் என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சோம்பேறி என்று திட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மூன்றாம் வருடம் மனநல நர்சிங் படித்தவள் நான். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போஸ்டிங்கில் ஒரு மாதம் இருந்து, நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி, பேசியதை வரிவரியாக ரெக்கார்டில் எழுதியிருக்கிறேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்ட வாய் இது. வார்டில் 18 பேருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர் பார்த்து சார்ட்டில் ஏற்றுவேன். ஒருத்தருக்கு யூரின் குறைந்தால்கூடக் கண்ணில் படும். எனக்கு ஐந்து கிலோ இறங்கியிருந்தது, யூனிஃபார்ம் இடுப்பில் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டிருந்தேன், அது கண்ணில் படவில்லை.

டிசம்பரில் ஒரு நைட் டூட்டி. இரவு 8 மணிக்கு ஏறினால் காலை 7 மணிக்கு ஹேண்ட் ஓவர். தொடர்ந்து ஐந்தாவது நைட். பகலில் தூக்கம் வராமல் போய் நாலைந்து நாளாகியிருந்தது. காலில் புண்ணோடு படுத்திருந்த ஒரு பெரியவருக்கு 12 யூனிட் இன்சுலின். அவருக்கு வீட்டார் வெளியில் வாங்கிவந்திருந்தது யு-100 குப்பி. எங்கள் ட்ரேயில் சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்சும் ஆரஞ்சு மூடி போட்ட யு-100 சிரிஞ்சும் ஒன்றாகவே கிடக்கும். நான் எடுத்தது சிவப்பு. நர்ஸுகளுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: யு-100 குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட், சிவப்புச் சிரிஞ்சின் கோடுகளோ ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்ற கணக்கில் போட்டவை. அந்தக் குப்பி மருந்தை அந்தச் சிரிஞ்சில் 12 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 30 யூனிட். ராத்திரி அரைகுறையாகச் சாப்பிட்டிருந்த மனுஷர் அவர். விடியும்போது எந்த நிலையில் இருந்திருப்பார் என்பதை இப்போதும் முழுசாக நினைத்துப் பார்க்க என்னால் முடிவதில்லை.

கட்டிலுக்குப் போகும் முன் இன்னொருவரிடம் காட்ட வேண்டும் என்ற விதி இருந்ததால் அவர் பிழைத்தார். பாலக்காட்டிலிருந்து வந்து பதினைந்து வருடமாக அங்கே வேலை பார்க்கும் சீனியர், வார்டே சேச்சி என்று கூப்பிடும், அவர்தான் பார்த்தார். சிரிஞ்சை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். கத்தவில்லை. "மோளே, நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். மருந்து அறையில் நின்றபடியே அழுதேன். எல்லாம் சொன்னேன். வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று சொல்லிவிடுவார்கள் என்று மூன்று மாதமாக மூடி வைத்திருந்தது முழுவதும் வந்துவிட்டது.

அன்றைக்குக் காலை ஹாஸ்டலுக்குப் போய், பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்து, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்விகளை எனக்கே போட்டுப் பார்த்தேன். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எனக்கு 17 வந்தது. 15 வந்தாலே ஓரளவு தீவிரம் என்றுதான் படித்திருந்தேன். ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. அதற்கு 0 போட்டு, பிறகு அடித்து, 1 என்று எழுதினேன். அந்த 1-ஐ எழுதியதுதான் என்னை மருத்துவரிடம் போக வைத்தது. யாராவது அந்தக் கேள்வியில் வந்து நிற்கிறீர்கள் என்றால், 14416 என்ற டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நானும் அன்று மத்தியானம் அதற்குத்தான் முதலில் போன் செய்தேன்.

எங்கள் மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர் இருந்தார். ஆனால் பார்மசியில் இருக்கும் பையனிலிருந்து பில்லிங் கவுண்டர் வரை எல்லாருக்கும் என் முகம் தெரியும். அதனால் ஜி.எச்.சுக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். எழுந்து ஓடிவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. பக்கத்தில் ஒரு பாட்டி, "ஏன் அம்மிணி, யாருக்குப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார். எனக்குத்தான் பாட்டி என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, எனக்கும்தானுங்க என்றார்.

டாக்டர் அரை மணி நேரம் கேட்டார். வீட்டில் யாருக்காவது இருந்ததா, இதற்கு முன்னால் தூக்கமே வேண்டாம் என்கிற மாதிரி அளவுக்கு மீறிய உற்சாகம் வந்ததுண்டா, மாதவிடாய் சரியாக வருகிறதா என்றெல்லாம். தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் மாத்திரை, முதல் வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைத்தது. பலன் தெரிய இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும் என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதல் வாரம் குமட்டல் மட்டும் வந்து வேறெதுவும் மாறாமல் இருந்தபோது, தெரிந்தது எதுவும் உதவவில்லை. சேச்சி தினமும் பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார், அது உதவியது.

நேரம்தான் பெரிய தலைவலி. ஒரு வாரம் காலை 7 முதல் 2, அடுத்த வாரம் 2 முதல் 8, அப்புறம் நைட். மாத்திரையோ தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். டூட்டி சார்ட்டை வைத்துக்கொண்டு யோசித்ததில் மாலை ஐந்தரை கிடைத்தது. காலை டூட்டி என்றால் அப்போது ஹாஸ்டலில் இருப்பேன், மதிய டூட்டி என்றால் டீ பிரேக், நைட் என்றால் கிளம்பத் தயாராகும் நேரம். டாக்டரும் சரி என்றார். அதைவிட முக்கியம், ஒரு மாதத்துக்கு நைட் வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்தது. தூக்கம் நிலைப்படாமல் மருந்து மட்டும் வேலை செய்யாது என்றார்.

அந்தச் சீட்டை இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுக்கக் கை நடுங்கியது. அவர் மடித்ததைப் பிரிக்கவே இல்லை. "டாக்டர் சொல்லியிருக்காருல்ல, போதும்" என்று சொல்லிவிட்டு டூட்டி போட்டார். என் நைட்டை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். பதிலுக்குப் பொங்கல் டூட்டியும் நாலு ஞாயிற்றுக்கிழமையும் நான் பார்த்தேன். மேலிடத்தில் வேறு மாதிரி. இன்சுலின் விஷயத்தை நானே எழுதிக் கொடுத்தேன், அதற்கு மெமோ வந்தது, கூடவே "நர்ஸுன்னா மனசு திடமா இருக்கணும்" என்ற அறிவுரையும். சிரிஞ்ச் ட்ரேயைப் பற்றி யாரும் பேசவில்லை. சேச்சிதான் தன் காசில் இரண்டு டப்பா வாங்கி வந்து சிவப்பு மூடி தனியாக, ஆரஞ்சு மூடி தனியாகப் பிரித்து வைத்தார். எனக்கு இதில் இன்னும் கோபம் இருக்கிறது. என் தவறு என் தவறுதான். ஆனால் தூங்காத ஒருத்தி கை வைக்கும் இடத்தில் இரண்டு சிரிஞ்சும் கலந்து கிடந்ததும் தவறுதான், அதற்கு மெமோ இல்லை.

நாலாவது வாரம், மதிய டூட்டி முடித்து வந்து, ஊறவைத்த துணியை அன்றைக்கே அலசிக் காயப்போட்டேன். கொடியில் கிளிப் மாட்டும்போதுதான் உறைத்தது. அம்மாவுக்குப் போன் செய்து துணி துவைத்தேன் என்றேன். ஆரம்பத்தில் எல்லாம் நினைப்புதான், வெள்ளிக்கிழமை விளக்குப் போடு என்று சொன்ன அம்மா, அதற்குள் தினமும் ஐந்தரைக்கு போன் செய்து, மாத்திரை போட்டியா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாதம் நன்றாகிவிட்டது என்று நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாளே தலை சுற்றல், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி வெட்டு வெட்டாக. நோயாளிகளிடம் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று டிஸ்சார்ஜ் தோறும் சொல்பவள் இதைச் செய்தேன். டாக்டர் திட்டவில்லை, மறுபடி ஆரம்பித்தார், நன்றான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் போட வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். அப்புறம் அவர் சொன்னபடி மெதுவாகக் குறைத்து, 2025 பிப்ரவரியில் நிறுத்தினோம்.

பாண்டு முடிந்தும் நான் அதே வார்டில்தான் இருக்கிறேன், சேச்சிக்காகத்தான் முக்கியமாக. போன மாதம் ஒரு புதுப் பெண் சேர்ந்தாள், திருவண்ணாமலைப் பக்கம். வேலையில் குறை சொல்ல முடியாது, ஐ.வி. போடுவதில் என்னைவிடக் கை சுத்தம். இடுப்பில் ஊக்கு இருக்கிறதா என்று என் கண் தானாகப் போகிறது. பயமாயிருக்கா, கஷ்டமாயிருக்கா என்று கேட்டால் யாரும் சரியான பதில் சொல்ல மாட்டார்கள், நானும் சொன்னதில்லை. அதனால் ஆஃப் முடிந்து அவள் டூட்டிக்கு வரும் நாளில், ஹேண்ட் ஓவர் முடிந்ததும், நேற்று என்ன பண்ணினே என்று மட்டும் கேட்கிறேன். போன வாரம் உக்கடம் போய் மீன் வறுவல் சாப்பிட்டதாகச் சொன்னாள். இந்த வாரம், ஒண்ணும் இல்லக்கா, சும்மா படுத்திருந்தேன் என்றாள். தூங்கினியா என்று கேட்டேன்.