"சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம்

"மார்க் குறைந்ததால்", "செல்போன் வாங்கித் தராததால்", "அம்மா திட்டியதால்". ரிசல்ட் சமயத்தில் மதுரை செல்லூர்ப் பக்கம் டீக்கடையில் பேப்பரைப் புரட்டினால் ஒரு பிள்ளையின் தற்கொலைக்கு ஒரே வரியில் காரணம் எழுதி முடித்திருப்பார்கள். படிக்கிறவரும் "இதுக்கெல்லாமாய்யா" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

அது கடைசியாக நடந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்த மனச்சோர்வு, குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா, சாதியைச் சொல்லிச் சீண்டுகிற கூட்டம், வீட்டுக்குத் தெரிந்துபோன காதல், இதெல்லாம் அந்த வரியில் வராது. 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் இப்படி இறந்ததாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அத்தனை பேரும் மார்க்குக்காகப் போனவர்கள் இல்லை. ப்ளஸ் டூவில் ரேங்க் அறிவிப்பதை நம் அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது, சொந்தக்காரர்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை.

ஏற்கெனவே ஒருமுறை முயன்ற பிள்ளைக்குத்தான் ஆபத்து மிக அதிகம். நாமோ "வயிற்று வலி" என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்து, போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடுகிறோம். உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்தில், முயன்றவரைத் தண்டிக்கச் சொன்ன பழைய 309ஆம் பிரிவே இல்லை. ஆகவே டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

சரி, பிள்ளை சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுக்கிறது, "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி" என்கிறது. என்ன செய்வது? கேட்க வேண்டும். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று அதே வார்த்தையில். கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்று எல்லா அம்மாக்களும் பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை வெளியே சொல்ல ஒரு வாசல் கிடைக்கிறது, பெரும்பாலும் அழுதுவிடுவார்கள். அழட்டும். அந்த நேரத்தில் "உங்க அக்கா எப்படிப் படிச்சா தெரியுமா", "உனக்கு என்னடா குறை வச்சோம்" என்றெல்லாம் ஆரம்பித்தால் வாசல் சாத்திக்கொள்ளும்.

"ஆமா" என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கி வைத்த மருந்தும் வீட்டு மாத்திரைகளும் பூட்டுக்குள் போகட்டும், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். அந்த வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அதைத் தாண்டவைப்பதுதான் முதல் வேலை. அப்புறம் டாக்டர். பாண்டி கோயிலுக்குப் போகிறவர்கள் போங்கள், கோரிப்பாளையம் தர்காவில் ஓதிக்கொள்கிறவர்கள் ஓதிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள்.

ராத்திரியில் யாரிடம் பேசுவது என்று தெரியவில்லையா, 14416. மத்திய அரசின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. பிள்ளை பேச மாட்டேன் என்று அடம்பிடித்தால் நீங்கள் போன் போட்டு, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.