துட்டி வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி

ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண்தான இருவாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஊர்வலங்கள் நடக்கின்றன, உறுதிமொழிப் படிவங்கள் கட்டுக்கட்டாக நிரப்பப்படுகின்றன. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் படிவத்தில் கையெழுத்திட்டவர் இறந்த பிறகு அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் அவருடைய வீட்டார்தாம். அவர்கள் மனம் ஒப்பாவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள்தான். வீட்டார் ஒப்பினாலோ, இறந்தவர் எந்தப் படிவமும் நிரப்பாதிருந்தாலும் அவருடைய கண்களைக் கொடுத்துவிடலாம். ஆகவே கண்தானம் கூட்ட மேடையில் முடிவாவதில்லை. துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில்தான் முடிவாகிறது.

எனக்கு இதில் அக்கறை வந்தது என் சித்தப்பாவால். அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிசான அறுவடையின்போது அவருடைய கண்ணில் நெல் உமி பட்டுக் கீறிவிட்டது. வீட்டில் தாய்ப்பால் விட்டுப் பார்த்தார்கள். பிறகு மருத்துவரிடம் காட்டாமலே மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினார்கள். நெல்லும் வைக்கோலும் இலையும் கீறிய கண்ணில் பூஞ்சை பற்றிக்கொள்வது வேளாண்மை நடக்கும் ஊர்களில் மிகவும் சாதாரணம். ஸ்டீராய்டு கலந்த மருந்தை அதில் விட்டால், முதலில் சிவப்பும் வலியும் குறைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே புண் வளர்ந்துகொண்டே போகும். சித்தப்பாவுக்கும் அதுதான் நேர்ந்தது. புண் ஆறியபோது கருவிழியில் பூ விழுந்திருந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய வீட்டார் சம்மதித்ததால்தான் அந்தக் கண்ணில் இன்று அவருக்குப் பார்வை இருக்கிறது.

கண்தானம் எல்லாக் குருட்டுத்தன்மைக்கும் மருந்து என்று பலர் எண்ணுகிறார்கள். கண்புரைக்குச் செயற்கை வில்லை போதும். கண்ணழுத்த நோயால் நரம்பு கெட்டவர்களுக்குத் தானமாகக் கிடைத்த கண்ணால் பயனில்லை. கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டிய கருவிழிப்படலம் மங்கிப்போனவர்களுக்கே அது பயன்படும். அந்தப் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லாததால் இரத்தப் பிரிவு பார்க்க வேண்டியதில்லை. 1905-இல் எட்வர்டு சிர்ம் என்பவர் கருவிழிப்படலத்தை மாற்றிப் பொருத்தும் அறுவையை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார்; இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் நம் சென்னையில்தான் தொடங்கியது. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தோற்றுவித்த மருத்துவர் கோ. வெங்கடசாமி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் என்பதையும், அம்மருத்துவமனை 1988 முதல் நெல்லையிலேயே இயங்குகிறது என்பதையும் நம்மவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. வர வேண்டியது தொலைபேசி அழைப்பு மட்டுமே.

அந்த அழைப்புத்தான் தாமதமாகிறது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் அந்த ஆறு மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்: சொந்தக்காரர்களுக்குத் துட்டி சொல்லி, பந்தல்காரரையும் ஐஸ் பெட்டிக்காரரையும் வரவழைத்து, மும்பையிலிருந்து மகன் எப்போது வந்து சேருவான், நீர்மாலைக்கு எப்போது போவது என்றெல்லாம் பேசி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. கண்ணைப் பற்றி எவருக்காவது நினைவு வரும்போது காலம் கடந்திருக்கும். என்னைக் கேட்டால், கண் வங்கியின் எண்ணை மாணவர்களிடம் கொடுப்பதைவிட ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுபவரிடம் கொடுத்து, அந்தப் பெட்டியிலேயே ஒட்டச் சொல்வது நூறு மடங்கு பயன் தரும். எந்தச் சாவுக்கும் முதலில் அழைக்கப்படுபவர்களில் அவரும் ஒருவர் அல்லவா?

அழைத்த பின் செய்ய வேண்டியவை சிலவே. இமைகளை மூடி, அவற்றின்மேல் ஈரப் பஞ்சை வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மருத்துவக் காகிதங்களையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. குழுவினர் வீட்டுக்கே வந்து கால் மணி, அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, பரிசோதனைக்காகச் சிறிது இரத்தமும் எடுத்துக்கொண்டு போவார்கள். முகம் விகாரமாவதில்லை, பணமும் எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், கண்ணாடி அணிந்தவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் எல்லாரும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக் கிருமி, வெறிநாய்க்கடி, இரத்தப் புற்றுநோய் போன்றவை உள்ளவர்களிடமிருந்து பெறமாட்டார்கள். விபத்திலோ தற்கொலையிலோ இறந்திருந்தால் காவல்துறையின் அனுமதி தேவைப்படும்.

மறுபிறவியில் கண்ணில்லாமல் பிறப்பார்கள் என்று ஆச்சிமார் தடுப்பதுண்டு. அவர்களிடம் துண்டறிக்கை செல்லாது. கண்ணப்ப நாயனார் கதை செல்லும். பெரும்பாலும் எதிர்ப்பவர் பெற்ற மக்களாக இருப்பதில்லை, நீட்டி முழக்கிப் பேசும் தூரத்து உறவினராகவே இருப்பார். அவர் வந்து சேர்வதற்கு முன்பாக, மூத்த மகனைத் தனியே அழைத்து, "அண்ணாச்சி, அப்பா கண்ணைக் கொடுத்திருவமா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதற்கு நாக்கு கூசும். கேட்கப்பட்டவர்கள் எவரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. வேண்டாம் என்று தலையசைத்தவர்கள் உண்டு, அவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கும் நெல்லைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து துட்டிச் செய்தி வரும்போது வீட்டில் இருப்பவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். தொலைவில் இருப்பதால் உங்களுக்கே சற்று நிதானமாக யோசிக்க முடியும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், ஊருக்கு ஒரு முறை திரும்ப அழைத்து, கண் வங்கிக்குச் சொல்லியாயிற்றா என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால், வீட்டாரின் சம்மதத்தைப் பெற்று நீங்களே அங்கிருந்து அழைத்துச் சொல்லுங்கள்.