முட்டை நாற்றமும் வாயில்லாப் புழுவும்

ஆம்பூர் பக்கம், தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் எனக்கு 11 வருடமாக ஆய்வக வேலை. சாயங்காலம் வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். குளித்த பிறகுதான் காபி. தோலில் இருக்கும் மயிரை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தத் தண்ணீரில் அமிலம் கலந்தால் போதும், ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பிவிடும். அழுகின முட்டை நாற்றம். நாற்றத்தோடு விட்டால் பரவாயில்லை, தொட்டிக்குள் இறங்கியவர்களின் உயிரையே வாங்கியிருக்கிறது.

போன மாதம் வாய்க்கால் ஓரத்தில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ படிந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் பஞ்சு என்று நினைத்துவிட்டான். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். நீள நீளமான பாக்டீரியா இழைகள், உள்ளே மின்னும் கந்தக மணிகள்.

"இது என்ன சார் சாப்பிடுது?"

"நீ மூக்கைப் பொத்திக்கிறியே, அதைத்தான்."

1887-லேயே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் இந்த மாதிரி இழைகளைப் பார்த்துக்கொண்டே இருந்து பிடித்த விஷயம் இது. சல்பைடு இருந்தால் மணிகள் பெருகும், இல்லாவிட்டால் கரைந்து போகும். சல்பைடையும் ஆக்சிஜனையும் சேர்த்தால் வருகிற சக்தியில்தான் பிழைப்பு. அந்தச் சக்தியைக் கொண்டு கரியமில வாயுவை உடம்பாக்கிக்கொள்ளும் பாக்டீரியாக்களும் உண்டு. செடியின் இலைக்குள் நடக்கும் சமையல்தான், அடுப்பு வேறு.

அப்புறம் அவனுக்குக் கடல் கதையைச் சொன்னேன். 1977-ல் காலபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில், ஆல்வின் என்ற குட்டி நீர்மூழ்கி சுமார் 2500 மீட்டர் இறங்கியது. போனவர்கள் நிலவியல்காரர்கள், உயிரியல் படித்தவர் ஒருவரும் கிடையாது. வெயில் எட்டாத ஆழத்தில், வெந்நீர் ஊற்றைச் சுற்றி உயிர்க்கூட்டம்! கிடைத்ததைப் பதப்படுத்தப் போதுமான மருந்து இல்லாமல் பனாமாவில் வாங்கிய வோட்காவில் போட்டு வைத்தார்களாம். (எங்கள் ஸ்டோரில் அதற்கு இண்டென்ட் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன்.)

அங்கே ஆளுயரம் தாண்டி வளரும் குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அதன் உடம்பில் கந்தகப் படிகம் இருப்பதாக ஒரு வகுப்பில் கேட்ட ஹார்வர்ட் மாணவி காலின் கவனா, அப்படியானால் உள்ளே பாக்டீரியா இருக்க வேண்டும் என்றார். 1981-ல் அதை எழுதி வெளியிட்டார். புழுவின் சிவப்பு ரத்தம் ஆக்சிஜனையும் சல்பைடையும் ஒன்றோடொன்று உரசவிடாமல் சுமந்துபோய் அந்தப் பாக்டீரியாக்களுக்கு ஊட்டுகிறது. நம் மூச்சை நிறுத்துகிற விஷத்தை!

"அப்போ சூரியனே வேணாமா சார்?"

அப்படியும் சொல்லிவிட முடியாது. அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் பாசிகள் விட்டது. எங்கள் வாய்க்கால் நூலும்கூட, கழிவுநீரும் காற்றும் சந்திக்கிற விளிம்பில்தானே ஒட்டியிருந்தது.

பையன் அதை வளர்க்கலாமா என்றான். இந்த இழை பெருகினால் சேறு அடியில் படியாது, பிளான்ட்டே கெட்டுவிடும். ரெஜிஸ்டரில் 'சல்பைடு கூடுதல்' என்று எழுதிவிட்டு, காற்றைக் கூட்டச் சொன்னேன்.