தனிப் படைவீரருக்கு உண்மையில் எது உதவும்?

அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, அர்ஜென்டினா என்று பல நாடுகளிலிருந்து யூத இளைஞர்களும் பெண்களும் இஸ்ரேலியப் படையில் சேரத் தனியாகக் கிளம்பிப் போகிறார்கள். நாட்டில் பெற்றோர் இல்லாத இவர்களை அங்கே 'ஹயால் போதெத்', அதாவது தனிப் படைவீரர் என்கிறார்கள். உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் இனிப்புப் பொட்டலமும் வாழ்த்து அட்டையும் அனுப்புகிறார்கள். நல்ல மனதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் திண்டாடுவது வெள்ளி மதியத்திலிருந்து ஞாயிறு காலை வரை.

வார இறுதி விடுப்பு கிடைத்தால், முகாமிலிருந்து பஸ் மாறி ரயில் மாறி அறைக்கு வந்து சேரவே பெரும்பாலும் வெள்ளி மதியமாகிவிடும். சற்று நேரத்தில், 'சப்பாத்' என்ற யூதர்களின் வார ஓய்வுநாளுக்காகக் கடைகள் மூடத் தொடங்கும், பெரும்பாலான ஊர்களில் பஸ்ஸும் நின்றுவிடும். சனி இருட்டிய பிறகுதான் எல்லாம் திரும்ப ஓடும். ஞாயிறு விடியும்போது மறுபடி முகாமுக்குக் கிளம்பியாக வேண்டும். மற்ற வீரர்களுக்கு வீட்டில் சமைத்து வைத்திருப்பார்கள், துணி துவைத்துத் தருவார்கள். இவர்களுக்குக் காலி ஃப்ரிட்ஜும் ஒரு மூட்டை அழுக்குச் சீருடையும்தான்.

நீங்கள் இஸ்ரேலில் வசிப்பவரென்றால், அந்த மூட்டையை முதலில் கவனியுங்கள். சப்பாத் கடைப்பிடிக்கும் வீட்டில் வெள்ளி சூரியன் மறைந்த பிறகு வாஷிங் மெஷின் ஓடாது. அதனால் வந்தவுடன், சாப்பாட்டுக்கும் முன்னால், துணியைப் போட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் தடித்த சீருடை பால்கனிக் கொடியில் ஞாயிறுக்குள் காயாது. ஈரத்தோடு முகாமுக்குப் போனால் அந்த வாரம் முழுக்க அவதி. உங்கள் வீட்டில் டிரையர் இருந்தால், என் கணக்கில் அது விருந்தைவிடப் பெரிய உதவி.

அழைப்பதிலும் ஒரு முறை உண்டு. "எப்போது வேண்டுமானாலும் வா" என்றால் யாரும் வரமாட்டார்கள், கூச்சப்படுவார்கள். "இந்த வெள்ளி ஏழு மணிக்குச் சாப்பாடு, உனக்குப் படுக்கை போட்டிருக்கிறோம், சாவி இந்தா" என்று சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் வரை தூங்கினால் எழுப்பாதீர்கள்.

1991-இல் தொடங்கிய 'கரின் த்ஸபார்' என்ற தனிப் படைவீரர் திட்டத்தின் வழியாக வருபவர்களுக்கு ஒரு குழுவும், பெரும்பாலும் கிபுட்ஸ் என்ற கூட்டுவாழ்வுக் கிராமம் ஒன்றில் இருப்பிடமும், தத்துக் குடும்பமும் அமைகின்றன. தனியாக வந்து சேர்பவர்களுக்கு இதெல்லாம் தானாக அமையாது. குடியுரிமை பெறாமலே 'மஹால்' தன்னார்வலராக வருபவர்களும் உண்டு. இவர்களைத்தான் முதலில் தேடிப் போக வேண்டும்.

அடுத்தது காகிதம். எபிரேயம் போதாதவர்களைக் கலிலேயாவில் உள்ள மிக்வே அலோன் முகாமில் படையே மொழிப் பயிற்சிக்கு அனுப்புகிறது. அங்கே கற்ற மொழி கட்டளைக்குப் போதும், வாடகை ஒப்பந்தத்துக்குப் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். ஒப்பந்தத்தில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டாயச் சேவையில் இருப்பவர்களுக்கு 'அர்னோனா' என்ற நகராட்சி வரியில் 70 சதுர மீட்டர் வரை விலக்கு உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் இல்லையென்றால் அங்கே குடியிருப்பதை நிரூபிப்பதே பாடு.

படை தரும் சலுகைகள் எல்லாம் பிரிவின் நலப் பொறுப்பாளர் வழியாகத்தான் நகரும்: கூடுதல் ஊதியம், வாடகை உதவி அல்லது இருப்பிடம், சொந்த வேலைகளைப் பார்க்க ஒரு வேலைநாள் விடுப்பு, பெற்றோரைப் பார்க்க வெளிநாட்டு விடுப்பு. அந்தப் பொறுப்பாளரும் பெரும்பாலும் பத்தொன்பது வயதுப் பெண்தான், கையில் நூறு பேரின் விஷயம் இருக்கும். வாய்ச்சொல்லில் விடாமல் எழுதிக் கொடுத்து, நகலை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடுப்பு நாள் கிடைத்தால் முதலில் அரசு அலுவலக முன்பதிவு, அதையொட்டி வங்கி, மற்றதெல்லாம் பிறகு. வெளிநாட்டுப் பயணத்துக்குப் படையின் வெளியேறும் அனுமதி கையில் வந்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு மலிவு டிக்கெட் எடுத்துப் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால் இன்னொன்று: வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பிள்ளையின் சம்மதத்தோடு பெற்றோரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஒற்றைப் பிள்ளையாக இருந்தால் போர்க்களப் பிரிவில் சேரப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் தாய்க்கு, மகன் வெள்ளிக்கிழமை எங்கே சாப்பிடுகிறான் என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

2014 காசா போரில் இறந்த தனிப் படைவீரர்கள் ஷான் கார்மெலி, மாக்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரின் இறுதி ஊர்வலங்களிலும் முன்பின் அறியாத பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அந்த அன்பு பொய்யல்ல. அது உயிரோடு இருக்கும் பிள்ளையின் சாதாரண வாரத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே என் ஆதங்கம். 2006 லெபனான் போரில் இறந்த தனிப் படைவீரர் மைக்கேல் லெவின் பெயரில் உருவான மையம் இத்தகைய அன்றாடத் தேவைகளைத்தான் கவனிக்கிறது.

வாராவாரம் வந்தவர் திடீரென்று வராமல் போனால், பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று தாமதிக்காமல் நேரடியாகக் கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். முகாமில் மனநல அதிகாரி இருக்கிறார். வெளியே 'எரான்' என்ற மனநல உதவி அமைப்பின் எண் 1201.

சேவை முடியும் நாள் இன்னொரு பள்ளம். ஊதியம் நிற்கிறது, படை மருத்துவம் நிற்கிறது, இருப்பிடமும் கைவிட்டுப் போகும். விடுவிப்பு மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் 'பிக்கடோன்' என்ற வைப்புத்தொகையை முதல் 5 ஆண்டுகள் படிப்பு, வீடு, தொழில், திருமணம், ஓட்டுநர் பயிற்சி போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கே எடுக்கலாம், வாடகைக்கு எடுக்க முடியாது. ஆகவே மூன்று மாதம் முன்பே அறை தேடத் தொடங்குங்கள். வங்கிக் கணக்கு விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, இனி மருத்துவம் பார்க்கப்போகும் மருத்துவக் காப்பு நிதி எது என்று பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அழைப்பை அந்த நாளோடு நிறுத்திவிடாதீர்கள்.